அறுபது விநாடிக்கு அறுபத்தைந்து

ஜனவரி 14, செவ்வாய்

மறுபடியும் பொரிகிறது.

இன்று பதினொரு வாக்கியம் பதிவு செய்தோம். அதில் ஏழில் அந்தச் சத்தம். ஓரெஸ்ட் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "உள்ள யாரோ சோளம் பொரிக்கறாங்க மிர்னா, எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவரச் சொல்லு" என்றான். சிரித்தேன். மேலே வந்து பாத்திரம் கழுவும்போது சிரிப்பு வரவில்லை.

கீழறையில் பதினைந்து வருடமாக ஓடும் கம்ப்யூட்டர் அது. சுவரெல்லாம் பழைய மெத்தைப் போர்வைகளை ஆணியடித்து மாட்டி, ஏலக்காரனான என் புருஷன் தன் ஏல அறிவிப்புகளை அங்கேதான் பதிவு செய்து வானொலிக்கு அனுப்புவான். மைக்கிலிருந்து வரும் குரலை வாங்கிக் கம்ப்யூட்டருக்குள் அனுப்ப ஒரு சின்ன ஆடியோ பெட்டி. அந்தப் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்க டிரைவர் என்று ஒரு நிரல். அந்த டிரைவர்தான் இப்போது என்னைப் பிடித்த சனியன்.

இதுவரை 61 வாக்கியம். வேண்டியது 350. முதலில் அனுப்பியவற்றில் பதினேழைச் சத்தம் இருக்கிறது என்று குரல் கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது.

அக்டோபரில் சாஸ்கடூன் டாக்டர் சொன்னது: தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய், நாக்கில் தொடங்கும் வகை, வசந்த காலத்துக்குள் பேச்சு போகலாம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அதற்கு முன்னால் சுத்தமாகப் பதிவு செய்து அனுப்பினால், அந்தக் கம்பெனிக்காரர்கள் அவன் குரலிலேயே ஒரு மெஷின் குரல் செய்து தருவார்கள். தொடுதிரைப் பலகையில் இவன் எழுத்தைத் தட்டினால் அது பேசும். வாக்கியங்களை நினைத்தால்தான் எரிச்சல். "வடக்குக் கரையில் யாரோ ஒரு மஞ்சள் குடையை மறந்துவிட்டுப் போனார்கள்." முப்பது வருடம் டிராக்டரும் மாடும் விற்ற ஆள், மஞ்சள் குடையைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம்.

உட்கார்ந்ததும் முதலில் ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணுகிறான். ஏல நாள் காலையில் எப்போதும் செய்வதுதான், நாக்கைச் சூடாக்க. கழுத்தில் ஸ்டாப்வாட்ச். எண்ணி முடித்ததும் தானியக் கிடங்குக்காரர்கள் கொடுத்த காலண்டரில் அன்றைய கட்டத்தில் பென்சிலால் விநாடியை எழுதுவான். இன்று 45. போன வருடம் 41.

ஜனவரி 15, புதன்

மைனஸ் முப்பத்தாறு. கார் கிளம்பவில்லை. பதிவும் இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

பெட்டி செய்த கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்கவைத்த பிறகு ஒரு பையன் வந்தான்.

"கம்ப்யூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா மேடம்?"

"தம்பி, அதைப் பண்ணாமலா உனக்காக நாப்பது நிமிஷம் காத்திருப்பேன்?"

பாவம், அவன் என்ன செய்வான். ஒயரை வேறு துளையில் செருகச் சொன்னான், செருகினேன். வைஃபையை அணைக்கச் சொன்னான், அணைத்தேன். குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேக்கிவைத்து எழுத ஓர் எண் இருக்கிறதாம், அதை இரண்டு மடங்காக்கச் சொன்னான். பொரிவது குறைந்தது. நிற்கவில்லை. போஸ்ட் ஆபீஸ் வேலையில் காலை முழுக்க நின்ற கால், மாலையில் அந்த மேசைக்கு அடியில் மண்டியிட்டுக் கிடக்கிறது. எனக்கு அறுபத்திரண்டு வயது. இதெல்லாம் நான் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? வேறு யார் செய்வார்கள் என்பதுதான் பதில்.

ஜனவரி 19, ஞாயிறு

வென்றுவிட்டேன்!

பழைய டிரைவரை அடியோடு அழித்துவிட்டுப் புதியதைப் போட்டேன். மூன்று தடவை தவறி நாலாவது தடவை உட்கார்ந்தது. ஓரெஸ்டை "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஒரு பொரி கூட இல்லை. துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி.

டுவேன் வந்திருந்தான், புகைபோட்ட சாசேஜ் ஒரு வளையத்தோடு. ஏலத்தில் கூட்டத்துக்குள் நின்று, யார் கை தூக்குகிறார்கள் என்று பார்த்துக் கூவுவது அவன் வேலை. இருபது வருடமாக இவனுக்கு அவன்தான் கண்.

"முதலாளி, உங்க வீட்டம்மா கம்ப்யூட்டரையே ரிப்பேர் பண்றாங்க. நீங்க ஒரு பல்பு மாட்டினதுண்டா?"

"டேய், மாட்டினா எரியாது. அதான் அவகிட்டயே விட்டுட்டேன்."

'ட' வரும் இடத்தில் நாக்கு லேசாகத் தடுக்குகிறது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்காத மாதிரி இருந்தோம். ஏப்ரலில் கோவால்ச்சுக் வீட்டுப் பண்ணை ஏலம் இருக்கிறது. அதுதான் கடைசி என்று இவனே சொல்லிவைத்திருக்கிறான். அதுவரைக்கும் நாக்கு தாங்கினால் போதும் என்கிறான். தாங்கும்.

ஜனவரி 22, புதன்

140 ஆகிவிட்டது. மூன்று நாளில் எழுபத்தொன்பது! கிடக்கட்டும் வீட்டு வேலை.

ஜனவரி 23, வியாழன்

எப்படி எழுதுவது?

இன்று எண்ணி முடித்துக் காலண்டரில் 46 என்று எழுதினான். பிறகு, "இவ்வளவு நாளா பேசறேன், எப்படி வந்திருக்குன்னு ஒண்ணைப் போடேன்" என்றான். போட்டேன்.

இழுத்து இழுத்து, கனத்துப்போய், குடித்தவன் பேசுகிற மாதிரி ஒரு குரல். மஞ்சள் குடை என்று சொல்வதற்குள் மழையே நின்றுவிடும். இன்னொன்றைப் போட்டேன். அதுவும். இன்னொன்று.

"இது நானா?"

"நல்லாத்தான் இருக்கு ஓரெஸ்ட்."

"ஏலக்காரன்கிட்ட பொய் சொல்லாதே. எது ஓட்டை வண்டின்னு எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரிந்தது. பக்கத்திலேயே இருப்பதால் எனக்குப் பழகிவிட்டிருக்கிறது, மெஷினுக்கு அந்தப் பழக்கம் இல்லை, உள்ளதைச் சொல்கிறது. அப்படித்தான் நினைத்தேன். இவ்வளவு சீக்கிரமா? டாக்டர் வசந்தம் என்றுதானே சொன்னார்?

கழுத்திலிருந்து ஸ்டாப்வாட்சைக் கழற்றி மைக்கின் மேலேயே மாட்டிவிட்டு மேலே போய்விட்டான்.

ஜனவரி 27, திங்கள்

கோவால்ச்சுக் ஏலத்தை மெல்வில் ஊர்ப் பக்கத்து ஏலக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். என்னிடம் கேட்கவில்லை. நான் வேலையில் இருந்தபோது டுவேனைப் பேசச் சொல்லியிருக்கிறான். டுவேன் போஸ்ட் ஆபீசுக்கே வந்து, கடிதம் எதுவும் இல்லாமல் கவுண்டரில் நின்று, "அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சும்மா?" என்று கேட்டான். பின்னால் வரிசை நின்றது. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

சண்டை. முப்பத்தைந்து வருடத்தில் இப்படிப் போட்டதில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜோலீன் வீடியோவில் வந்து, "நூத்தி நாப்பதோட நிறுத்திட்டீங்களே, இருக்கற குரலையாவது சேர்த்துக்கலாமே சார்" என்று கெஞ்சினாள். இவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் போனதும் வெடித்துவிட்டேன். உனக்கு வேண்டாம், எனக்கு வேணும், நாளைக்கு இந்த வீட்டில் நான் யார் பேசறதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன், யோசிச்சியா, சாகறதுக்கு முன்னாடியே ஏன்யா சாகறே — இப்படியெல்லாம். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

"பாதி செத்த குரலைப் பிடிச்சு வெச்சு என்ன பண்ணப் போற? ஊறுகாயா போடப் போற?"

 இரவுக்கு உருளைக்கிழங்கு பூரணம் வைத்த பெரோகி வேகவைத்தேன். சாப்பிட்டான். அதுவும் மெதுவாகத்தான். களைத்துப்போய்விட்டேன். எதனால் என்று கேட்டால் தெரியாது.

பிப்ரவரி 13, வியாழன்

பனிப்புயல். மதியமே போஸ்ட் ஆபீசை மூடிவிட்டார்கள். வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சமையலறையில் சத்தம். எண்ணிக்கொண்டிருந்தான். நான் வந்தது தெரியாது. ஐம்பத்தொன்று ஐம்பத்திரண்டு ஐம்பத்து மூன்று என்று தடதடவென்று. அங்கங்கே சறுக்கியது, ஆனால் இழுவை இல்லை. குடிகாரக் குரல் இல்லை. ஒரு கால் பூட்ஸோடு அப்படியே நின்று கேட்டேன்.

பிறகு உள்ளே போனபோது ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தான், ஒன்றும் தெரியாதவன் மாதிரி. ஸ்டாப்வாட்ச் சட்டைக்குள் ஒளிந்திருந்தது. காலண்டரில் இன்றைய கட்டத்தில் 47.

மூன்று வாரத்தில் ஒரே ஒரு விநாடிதான் கூடியிருக்கிறது. அப்படியென்றால் அன்று நாங்கள் கேட்டது என்ன?

கீழே போனேன். அவன் எண்ணுவதையும் சேர்த்தே பதிவாகவிடுவது என் வழக்கம், நடுவில் நிறுத்த எனக்குச் சோம்பல். அந்தச் சோம்பலுக்குக் கும்பிடு போட வேண்டும். ஜனவரி 14: காலண்டரில் 45. பதிவிலும் ஒன்றிலிருந்து நூறுவரை 45 விநாடி. ஜனவரி 23: காலண்டரில் 46. பதிவில் 50.

நாலு விநாடி எங்கிருந்து வந்தது?

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் காதலர் தினத்துச் சிவப்பு உறைகளாகவே வகை பிரித்தேன். மதியம் வீட்டுக்கு வந்ததும் சமையலறை டைமரைக் கீழே கொண்டுபோய் மைக் முன்னால் வைத்தேன். சரியாக ஒரு நிமிடம். தொடக்கத்தில் ஒரு மணி, முடிவில் ஒரு மணி. பதிவைப் பார்த்தால் அறுபத்தைந்து விநாடி. நடுவில் நான் "ஓரெஸ்ட், சாப்பிட வா" என்று சொல்லிவைத்திருந்தேன். கேட்டால் யாரோ கட்டைக் குரல் ஆம்பிளை அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறான்.

அவன் நாக்கு இல்லை. என் டிரைவர். நான் போட்டது, நான் வென்றுவிட்டேன் என்று எழுதிவைத்தது.

ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லாம் புலம்பும் ஓர் இணையப் பக்கத்தில் தேடிப் புரிந்துகொண்டேன். புது டிரைவர் பெட்டியை வேகமாக ஓட்டுகிறது, குரலை விநாடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துண்டாக வெட்டுகிறது. பதிவு செய்யும் நிரலோ பழையபடி நாற்பத்து நாலாயிரத்து நூறு என்று பதிவின் மேல் சீட்டு ஒட்டுகிறது. துண்டு அதிகம், சீட்டில் எழுதியது குறைவு. அதனால் திரும்பப் போடும்போது எல்லாம் நீள்கிறது, குரல் இறங்குகிறது. பழைய டிரைவர் இரண்டையும் ஒத்துப்போக வைத்திருந்தது. நான் அதை அழித்தேன்.

அன்று நான் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பொரிகிற சத்தம் போய்விட்டதா என்று மட்டும்தான் கேட்டேன். என் புருஷன் குரலைக் கேட்கவில்லை.

படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்துக்கா, குற்றத்துக்கா, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பிறகு மேலே போய்ச் சொன்னேன். காலண்டர், டைமர், எல்லாவற்றையும். டைமர் பதிவையும் போட்டுக் காட்டினேன்.

"அப்போ... அன்னிக்குப் போகலையா?"

"போகல. அன்னிக்குப் போகல."

 திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏலத்தைக் குடுத்துட்டேனே, மிர்னா."

"திருப்பிக் கேளு. அந்த ஆள் நல்லவன்தானே, குடுப்பான்."

"ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம் சொல்லிட்டா, அப்புறம் என் அப்பனே வந்து கேட்டாலும் திருப்பித் தரமாட்டேன். இப்ப நான் போய்க் கேக்கவா?"

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுபத்தொன்பது பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அந்தச் சீட்டில் உள்ள எண்ணை மட்டும் மாற்றினேன். மொத்தமாக மாற்ற வழி இருக்குமாம், எனக்குத் தெரியாது. இரண்டு நாள் ஆனது. குரலுக்கு ஒரு சேதமும் இல்லை, சீட்டுதான் தப்பாக எழுதியிருந்தது.

97-ஆவது வாக்கியத்தைப் போட்டேன். ஓரெஸ்ட். அவனே. ஜனவரி மாதத்து ஓரெஸ்ட், துள்ளிக்கொண்டு மஞ்சள் குடையை விற்கிறான். படி மேலிருந்து கேட்டிருக்கிறான் போல. இறங்கி வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். இரண்டு எண்களையும் ஒன்றாக்கி, டைமரை வைத்து மூன்று தடவை சோதித்த பிறகுதான் அவனைப் பேசவிட்டேன்.

 

மார்ச் 2, ஞாயிறு

201. ஒரு நாளைக்கு ஏழெட்டுதான் முடிகிறது. எச்சில் விழுங்க நிற்கிறான். காலண்டரில் 54. இது நிஜமான 54. டைமர் சத்தியம்.

மார்ச் 6, வியாழன்

கம்ப்யூட்டர் தானாகவே எதையோ புதுப்பித்துக்கொண்டு எண்ணைப் பழையபடி மாற்றிவைத்திருந்தது. நல்லவேளை, சோதிக்காமல் இப்போது நான் எதையும் தொடுவதில்லை. இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டேன். போதும் உனக்கு வெளியுலகம்.

மார்ச் 19, புதன்

268. 'ப'வும் 'ம'வும் ஒன்றாகிவிட்டன. காலண்டரில் 63.

பதிவில்லாமல் போன அந்த இருபத்து நாலு நாளில், நாளைக்கு இருபது என்று வைத்தாலும் எவ்வளவு பேசியிருப்பான். கணக்குப் போடாதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். போட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

331. இன்று மூன்று வாக்கியத்துக்கு ஒரு மணி நேரம். என் போன் வீடியோவில் கேட்டுக்கொண்டிருந்த ஜோலீன், "போதும் சார். இது போதும். மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க" என்றாள். அவன் விரலால் இன்னும் பத்தொன்பது என்று காட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். காலண்டரில் இன்று எண் இல்லை.

ஏப்ரல் 12, சனி

கோவால்ச்சுக் ஏலம். வரமாட்டான் என்று நினைத்தேன். காலையில் தொப்பியோடு காரில் உட்கார்ந்திருந்தான்.

பனி உருகி முற்றமெல்லாம் சேறு. மெல்வில் ஆள் நேரே இவனிடம் வந்து மைக்கை நீட்டி, "முதல் பொருளை நீங்க போடுங்க ஐயா" என்றார். மனசுள்ள மனுஷன். ஓரெஸ்ட் தலையசைத்து மறுத்துக் கையை மட்டும் குலுக்கினான். பிறகு கூட்டத்தில் போய் மற்றவர்களோடு நின்றுகொண்டான். துருப்பிடித்த கொக்கியும் கீலும் நிரம்பிய ஒரு பெட்டி வந்தது. யாரும் சீந்தவில்லை. இவன் புருவத்தை லேசாகத் தூக்கினான். டுவேன் அதைப் பார்த்துவிட்டுக் கூவினானே ஒரு கூவு, அந்தப் பண்ணை முழுக்கக் கேட்டிருக்கும். கூவியவன் உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

முப்பது வருடம் விற்றுக்கொண்டே இருந்தவன் முதல் தடவையாக ஏலத்தில் ஒன்றை வாங்கினான். அந்தக் குப்பை இப்போது கீழறையில் ஆடியோ பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

 அவன் நின்றிருக்க வேண்டிய மேடை அது. பேச்சு போனாலும் அங்கே நின்றாவது இருப்பான். என்னால் போனது. மன்னித்துவிட்டானா? கேட்டால் இப்போது அவனால் பதில்கூடச் சொல்ல முடியாது. அதனால்தான் கேட்கவில்லையோ?

மே 8, வியாழன்

கம்பெனியிலிருந்து கடிதம். 331-ஐ வைத்துச் செய்கிறார்களாம். முதலில் திருப்பி அனுப்பிய பதினேழையும் சுத்தம் செய்து சேர்த்துக்கொண்டார்களாம். "நல்ல மனுஷங்க" என்று முணுமுணுத்தேன். ஓரெஸ்ட் சிலேட்டில், "சத்தத்தை எடுக்க முடியும்னு முன்னாடியே சொல்லக் கூடாதா, படுபாவிங்க" என்று எழுதினான்.

ஜூன் 5, வியாழன்

குரல் வந்துவிட்டது. ஜோலீன் வழிகாட்ட, பலகையில் ஏற்றினேன். ஏற்றும்போது எண்ணைச் சரிபார்த்தேன், இரண்டு தடவை.

அந்தக் குரல் முதலில் சொல்லும் என்று நான் எதிர்பார்த்தது என் பெயர். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அதைத்தான் எதிர்பார்த்தேன். இவன் என்னை அறையை விட்டுப் போகச் சொல்லிக் கையசைத்தான். மேலே போய் பீட்ரூட் சூப் வைத்தேன். கீழே எண்கள் ஓடும் சத்தம். நிற்கும். மறுபடி ஓடும். நிற்கும். இன்னும் கொஞ்சம் வேகமாக. அரை மணி நேரம் இதே வேலை. ஏதோ கெட்டுவிட்டது, மறுபடியும் டிரைவர்தான் என்று பயந்து இறங்கினேன்.

கழுத்தில் ஸ்டாப்வாட்ச். மெஷின் அவன் குரலில் தொண்ணூற்றெட்டு தொண்ணூற்றொன்பது நூறு என்று முடித்தது. அவன் வாட்சை அழுத்தினான். பார்த்தான். பென்சிலை எடுத்துக் காலண்டரில் எழுதினான். எண் கோணலாக வந்தது, ஜனவரியில் எழுதிய அதே எண். 45.

பிறகு மெதுவாகத் தட்ட ஆரம்பித்தான். ஒற்றை விரல். நான் நின்றுகொண்டே இருந்தேன். சூப் பொங்கியிருக்கும், பொங்கட்டும். முடித்ததும் பலகையை என் பக்கம் திருப்பிவைத்து அழுத்தினான்.

"மிர்னா, அறுபது விநாடியை அறுபத்தஞ்சாக்கினவ நீ ஒருத்திதான். எனக்கு இப்ப அந்த மாதிரி நேரம்தான் வேணும். அந்தப் பழைய டிரைவரை இந்த வீட்டுக் கடிகாரத்துக்குப் போடத் தெரியுமா?"

"பழசு இல்ல ஓரெஸ்ட், புதுசு. பழசு சரியாத்தான் ஓடிச்சு" என்றேன்.

அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான். மறுபடி தட்டினான்.

"சூப் தீயுது."

தீய்ந்துதான் போயிருந்தது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.